எங்கே போனாலும் 12 ஐங்கோணங்கள்

கேள்வி: கணிதம், வேதியியல், உயிரியல் மூன்றிலும் ஒரே வடிவங்கள் தென்படுவது தற்செயலா?

எல்லா வடிவங்களுக்கும் சேர்த்து ஒரே பதில் கிடையாது. ஆனால் ஒரு வடிவத்துக்கான காரணத்தைக் கத்தரிக்கோலும் தாளும் இருந்தால் நீங்களே கண்டுபிடிக்கலாம்.

ஒரே அளவில் அறுகோணங்களை வெட்டி, விளிம்போடு விளிம்பு ஒட்டிக்கொண்டே போங்கள். தரையில் ஓடு பதித்த மாதிரி பரவுமே தவிர, பந்தாக மூடாது. 1985இல் 60 கார்பன் அணுக்கள் கொண்ட மூலக்கூறு எப்படி இருக்கும் என்று தெரியாமல் வேதியியலாளர் ரிச்சர்ட் ஸ்மாலி ஓர் இரவு இதைத்தான் செய்து பார்த்தார். இடையிடையே ஐங்கோணங்களைச் சேர்த்த பிறகுதான் தாள் வளைந்து மூடிக்கொண்டது. 12 ஐங்கோணம், 20 அறுகோணம், 60 முனை. பழைய கறுப்பு வெள்ளைக் கால்பந்து அப்படியே!

12 என்ற எண் எங்கிருந்து வந்தது? இப்படிப் பந்துபோல் மூடிய வடிவத்தில் முனைகளின் எண்ணிக்கையிலிருந்து விளிம்புகளைக் கழித்து முகங்களைக் கூட்டினால் 2 என்பது 18ஆம் நூற்றாண்டில் கணித அறிஞர் ஆய்லர் சொன்னது. ஐங்கோணங்கள் 'ஐ', அறுகோணங்கள் 'அ' என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு விளிம்பையும் இரண்டு முகங்கள் பங்கிடுகின்றன, ஒவ்வொரு முனையையும் மூன்று. ஆக விளிம்புகள் (5ஐ+6அ)/2, முனைகள் (5ஐ+6அ)/3, முகங்கள் ஐ+அ. சூத்திரத்தில் போட்டால் 'அ' மொத்தமாக அடிபட்டுப்போய் ஐ/6 = 2 மிஞ்சும். அறுகோணம் எத்தனை இருந்தாலும் சரி, ஐங்கோணம் 12தான். முதல்முறை இதைப் போட்டுப் பார்த்தபோது எங்கோ தப்பு செய்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

அப்புறம் வைரஸ். அதன் மரபணுவில் இடம் குறைவு; விதவிதமான புரதங்களைச் செய்ய முடியாது. ஒரு சில புரதங்களையே திரும்பத் திரும்ப அடுக்கி உறையை மூடியாக வேண்டும். அடினோவைரஸ் என்ற வகையின் உறையில் 252 புரதக் கட்டிகள். அவற்றில் 240ஐச் சுற்றி ஆறு அண்டைக் கட்டிகள், மீதி 12ஐச் சுற்றி ஐந்து. கார்பனுக்கும் வைரஸுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. இரண்டும் மாட்டிக்கொண்ட கணக்கு ஒன்றுதான்.

இதே ஆர்வத்தில் தேன்கூட்டையும், ஆறு கார்பன் அணுக்கள் வளையமாக நிற்கும் பென்சீன் மூலக்கூறையும் சிலர் முடிச்சுப் போடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தேன்கூட்டில் அறுகோணம் வருவது மெழுகு மிச்சமாகும் அடுக்குமுறையால். பென்சீனில் அது வருவது கார்பன் பிணைப்புகள் 120 பாகையில் விரிவதால். அங்கே தனித்து நிற்கும் ஒரு வளையத்துக்கு இடத்தை நிரப்பும் கவலையே இல்லை.