ஆம்புலன்ஸுக்கும் வழி, நடப்பவருக்கும் வழி: கேள்வி பதில்

சிறிய ஊர் ஒன்றின் அவசர உதவிக் கட்டுப்பாட்டு அறையில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தேன். அதில் பாதிக்கு மேல், தீயணைப்பு, ஆம்புலன்ஸ், காவல் மூன்றையும் ஒருங்கிணைக்கும் பொறுப்பு. எத்தனையோ அழைப்புகள் எடுத்திருக்கிறேன். நடந்து போனவர் அடிபட்டுக் கிடக்கிறார் என்று வந்தவைதான் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. அதனால் இதைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்து, கீழே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (ஒரு வார்டு உறுப்பினர்): எங்கள் ஊரில் இரண்டு ஆம்புலன்ஸ், ஒரு தீயணைப்பு வண்டி, விரல் விட்டு எண்ணும் அளவுக்குப் போலீஸார். எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். இதற்குப் போய் ஒருங்கிணைப்பு என்று தனியாக ஒன்று வேண்டுமா ஐயா?

பதில்: ஆளைத் தெரிந்திருப்பது வேறு, யார் எங்கே நிற்பது என்று முன்பே பேசி வைத்திருப்பது வேறு. எனக்கு இது புரிந்தது ஒரு மழை நாள் மாலையில். குறுகலான சாலை. கடக்கும்போது அடிபட்ட ஒரு வயதான அம்மா, பக்கத்தில் சிதறிய துணிப்பை. முதலில் ஆம்புலன்ஸ் வந்து, முகப்பு அவரைப் பார்க்க நின்றது. அதன் பின்னால் போலீஸ் ஜீப். அதற்கும் பின்னால் தீயணைப்பு வண்டி. அம்மாவை ஏற்றியாகிவிட்டது, வண்டியை வெளியே எடுக்க வழியில்லை. தீயணைப்பு வண்டி ஓட்டுநர் அந்த அம்மாவின் முகத்தில் மழை படாமல் குடை பிடித்துக்கொண்டு முட்டி போட்டிருந்தார். சாவி அவர் சட்டைப் பையில். ஆளைத் தேடி, சாவி வாங்கி, இரண்டு வண்டிகளைப் பின்னால் எடுத்து முடிக்க ஆறு நிமிடம் போனது. வயர்லெஸ்ஸில் கேட்டுக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மா பிழைத்துக்கொண்டார். ஆனால் அங்கே ஒருவர்கூட அலட்சியமாக இல்லை, எல்லாருமே நல்லதுதான் செய்தார்கள் என்பது என்னை ரொம்ப நாள் தூங்கவிடவில்லை.

அடுத்த வாரமே மூன்று துறையினரும் உட்கார்ந்து பேசினோம். பெரிய வண்டி, அடிபட்டவருக்கு முன்னதாக, வாகனங்கள் வரும் திசையில் சாய்வாக நிற்கும். அதுதான் கேடயம். ஆம்புலன்ஸ் அடிபட்டவரைத் தாண்டிப் போய், வெளியேறும் திசையைப் பார்த்து நிற்கும். ஜீப் அந்தப் பெரிய வண்டிக்கும் முன்னதாக, வாகனங்கள் வரும் பக்கம் நின்று போக்குவரத்தைத் திருப்பும். ஓட்டுநர் இருக்கையை விட்டு இறங்கினால் சாவி வண்டியிலேயே இருக்கும், காவலுக்கு ஒருவர் பக்கத்தில் நிற்பார். ஒரு அட்டையில் எழுதி எல்லா வண்டியிலும் ஒட்டினோம், அவ்வளவுதான்.

1970இல் கலிபோர்னியாவில் பெரிய காட்டுத்தீ பரவியபோதும் இதுதான் நடந்தது. வண்டி, ஆள் பற்றாக்குறையைவிட யார் பேச்சை யார் கேட்பது என்ற குழப்பம்தான் பெரிய சிக்கல் என்று பின்னால் தெரிந்தது. சம்பவ இடத்தில் ஒரே ஒரு பொறுப்பாளர், எல்லாருக்கும் புரியும் சாதாரணப் பேச்சு, துறைக்கொரு குறியீட்டு எண் கூடாது என்ற முறையெல்லாம் அதிலிருந்து வந்தவைதான்.

கேள்வி (ஒரு பள்ளி ஆசிரியை): பள்ளி முன்னால் வேகத்தடை கேட்டு நான்கு வருடமாக மனு கொடுக்கிறோம். ஆம்புலன்ஸ் போக இடைஞ்சல் என்று மறுக்கிறார்கள். எது சரி சார்?

பதில்: இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது டீச்சர். முதலில் உங்கள் பக்கம். ஒரு குழந்தை காருக்கு 13 மீட்டர் முன்னால் சாலையில் இறங்குகிறது என்று வையுங்கள். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார், ஓட்டுபவர் சுதாரிக்க ஒரு வினாடி, அப்புறம் பிரேக் என்று எல்லாம் சேர்த்து, உலர்ந்த சாலையில் கிட்டத்தட்ட அந்த 13 மீட்டருக்குள் நின்றுவிடும். 50இல் வரும் கார் அந்த ஒரு வினாடியிலேயே 14 மீட்டர் ஓடிவிடுகிறது. பிரேக்கில் கால் படுவதற்கு முன்பே, துளியும் குறையாத வேகத்தில் மோதிவிடுகிறது. ஒன்றில் குழந்தைக்குக் கீறல்கூட இல்லை. இன்னொன்றைச் சொல்லவே வாய் வரவில்லை. கூட்டம் போட்டால் இந்தக் கணக்கைத்தான் கரும்பலகையில் எழுதிக் காட்டுவேன்.

ஆம்புலன்ஸ்காரர்கள் சொல்வதும் உண்மைதான். ஒவ்வொரு தடையிலும் சில வினாடிகள் போகும், முதுகெலும்பு முறிந்தவரை ஏற்றிக்கொண்டு தடையில் ஏறி இறங்குவது கொடுமை. அதற்காகத்தான் ஸ்பீட் குஷன் என்று ஒரு வகை இருக்கிறது. சாலை முழுவதும் குறுக்கே போடாமல், இடைவெளி விட்டுத் தனித்தனித் திட்டுகளாகப் போடுவார்கள். பெரிய வண்டிகளின் இரண்டு பக்கச் சக்கரங்களும் திட்டின் இருபுறமும் இறங்கிப் போய்விடும். சக்கரங்களுக்கு நடுவே அகலம் குறைந்த கார் ஒரு பக்கமாவது ஏறித்தான் ஆகவேண்டும். இரு சக்கர வண்டிகள் மட்டும் இடைவெளியில் நழுவிவிடும். அதனால் கூடவே கடக்கும் இடத்தில் நடைபாதையைச் சற்று முன்னுக்கு இழுத்துச் சாலையைக் குறுக்கச் சொல்லுங்கள். கடக்க வேண்டிய தூரமும் குறையும்.

இன்னொன்று. மனுவை நீங்கள் மட்டும் தனியாகக் கொண்டுபோகாதீர்கள். ஆம்புலன்ஸ் ஓட்டுநர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய், திட்டு எங்கே வரவேண்டும் என்று அவரையே சாக்பீஸால் தரையில் கோடு போடச் சொல்லுங்கள். மறுப்பவர்களிடம் அப்புறம் காரணம் மிஞ்சாது.

கேள்வி: ஆம்புலன்ஸ் வந்தால் சிக்னல் தானாகப் பச்சையாகும் கருவி வைக்கப் போகிறார்களாம். பாதி சாலையைக் கடந்துகொண்டிருப்பவர் கதி?

பதில்: நல்ல கேள்வி, கருவி வாங்குகிறவர்கள் கேட்க மறந்துபோகிற கேள்வி. 12 மீட்டர் அகலச் சாலையை, வினாடிக்கு 1.2 மீட்டர் நடப்பவர் 10 வினாடியில் கடப்பார். பல ஊர்களில் சிக்னல் நேரம் இந்தக் கணக்கில்தான் வைக்கப்படுகிறது. ஆனால் வயதானவர்கள் பலர் வினாடிக்கு 0.8 மீட்டர்தான் நடப்பார்கள். அவர்களுக்கு 15 வினாடி வேண்டும். ஆம்புலன்ஸுக்காகச் சிக்னல் சட்டென்று மாறினால் அந்த மிச்ச வினாடிகளில் அவர் நடுரோட்டில் நிற்பார். எனவே நடப்பவருக்கான நேரம் முழுதாக முடிந்த பிறகே மாறும்படி கருவியை அமைக்கச் சொல்லுங்கள். வண்டி வருவதைக் கொஞ்சம் தொலைவிலேயே கருவி உணரும்படி வைத்துவிட்டால் ஆம்புலன்ஸுக்கும் தாமதமில்லை. அகலமான சாலை என்றால் நடுவில் ஒதுங்கி நிற்க ஒரு திட்டு கட்டாயம் வேண்டும்.

கேள்வி (கல்லூரி மாணவர்): அண்ணா, விபத்தைப் பார்த்துப் போன் செய்தால் முதலில் என்ன சொல்ல வேண்டும்? பதற்றத்தில் உளறிவிடுகிறேன்.

பதில்: இடத்தைச் சொல்லுங்கள் தம்பி. என்ன நடந்தது என்பதற்கும் முன்னால் இடம். பாதியில் தொடர்பு அறுந்தாலும் வண்டி கிளம்பிவிடும். "பெரிய மரத்துக்குப் பக்கத்தில்" என்று சொன்னால் எங்களுக்குப் புரியாது. தெருப்பெயர், எதற்கு எதிரில், எந்த ஊரை நோக்கிப் போகும் பக்கம், இவ்வளவு போதும். நாங்கள் தெருவிளக்குக் கம்பங்களுக்கெல்லாம் பெயின்டில் எண் எழுதி, அதைக் கட்டுப்பாட்டு அறை வரைபடத்தில் குறித்து வைத்தோம். "கம்பம் 47" என்று ஒரு சிறுவன் சொன்னதும் வண்டி நேராக அங்கே போய் நின்றது. உள்ளூர் எண் நினைவுக்கு வராவிட்டால் 112ஐ அழுத்துங்கள். கைபேசித் தொழில்நுட்பத்திலேயே அவசர எண்ணாகச் சேர்க்கப்பட்ட எண் அது, பெரும்பாலான நாடுகளில் உள்ளூர் உதவிக்கு இணைத்துவிடும்.

கேள்வி: சைரன் கேட்டால் நடந்து போகிறவர் என்ன செய்ய வேண்டும்?

பதில்: ஓடாதீர்கள். ஓரத்தில் ஏறி நில்லுங்கள். ஒரு வண்டி போனதும் உடனே இறங்காதீர்கள், பின்னாலேயே இன்னொன்று வரலாம். இரண்டு சைரனும் ஒரே தொனியில் இருந்தால் காதுக்கு ஒன்றாகவே கேட்கும். அடுத்தடுத்து வரும் வண்டிகள் வெவ்வேறு தொனி வைக்க வேண்டும், இடைவெளி விட வேண்டும் என்று நாங்கள் ஓட்டுநர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது அதனால்தான்.

கேள்வி (ஆம்புலன்ஸ் ஓட்டுநர்): கடக்கும் இடத்தில் நான் வேகத்தைக் குறைத்தால் உள்ளே இருக்கும் உறவினர்கள் கத்துகிறார்கள். ஒவ்வொரு நிமிடமும் உயிர்தானே சார்?

பதில்: உயிர்தான், மறுக்கவில்லை. இதயம் நின்றுபோனவருக்கு, நெஞ்சை அழுத்தும் முதலுதவியும் மின் அதிர்ச்சியும் கிடைக்காத ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. ஆனால் சிறிய ஊருக்குள் சைரன் போட்டு விரட்டுவதால் மிச்சமாவது பெரும்பாலும் ஓரிரண்டு நிமிடம்தான். அதையும் ஒரே ஒரு கடவையில் மொத்தமாக இழக்கலாம், கூடவே இன்னோர் உயிரையும். அதனால் கடவையில் குறைத்து, இரண்டு பக்கமும் பார்த்து, அப்புறம் போங்கள். கத்துகிறவர்களிடம் "பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பேன்" என்று மட்டும் சொல்லுங்கள், வாதம் வேண்டாம்.

நிமிடங்களை மிச்சப்படுத்த இன்னொரு வழி, நீங்கள் வருவதற்குள் பக்கத்தில் இருப்பவர் கையை வைப்பது. இதயம் நின்றவரின் நெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, பெரியவர்களுக்கு 5 செ.மீ. ஆழத்துக்குக் குறையாமல் அழுத்த வேண்டும். ரத்தம் கொட்டினால் துணியை வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும். கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் போனிலேயே இதைச் சொல்லிக்கொடுக்கலாம். சாலையோரக் கடைக்காரர்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கற்றுக்கொடுத்தோம். அதைவிட உருப்படியான ஒரு வேலையை நான் செய்ததாக நினைவில்லை.

கேள்வி: கடைத்தெருவில் வாகனங்களை நிறுத்திவிட்டு நடப்பவர்களுக்கு மட்டும் விடலாம் என்கிறார்கள். தீப்பிடித்தால் வண்டி எப்படி உள்ளே வரும்?

பதில்: வரும், முன்பே யோசித்தால். ஸ்பெயினின் பொன்டேவேத்ரா சுமார் 80,000 பேர் வசிக்கும் நகரம். 1999 முதல் மையப்பகுதியை நடப்பவர்களுக்கே முதலிடம் என்று மாற்றினார்கள். அவசர வண்டிகள் தாராளமாகப் போய் வருகின்றன. நெரிசலில் கார்கள் அடைத்து நின்ற காலத்தைவிட இப்போது வழி சுலபம். தீயணைப்பு வண்டிக்குப் பிரிட்டனில் கேட்பது 3.7 மீட்டர் தடையற்ற அகலம். அந்த அளவுக்குத் தரையில் ஒரு கோடு போட்டு, அதற்குள் பெஞ்சோ, பூந்தொட்டியோ, விளம்பரப் பலகையோ வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நுழைவில் வைக்கும் தடுப்புக் கம்பங்களில் கவனம் வேண்டும். ஒரு முறை நள்ளிரவில் புகை என்று அழைப்பு வந்தது. கம்பத்துப் பூட்டின் சாவி ஓர் அலுவலக அலமாரியில், அலுவலகச் சாவியோ வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த ஒருவரிடம். நல்ல வேளை, சின்னப் புகைதான். எல்லாக் கம்பத்துக்கும் ஒரே மாதிரிச் சாவி போட்டு, மூன்று துறை வண்டிகளிலும் ஒவ்வொன்று தொங்கவிட்டோம். மாதம் ஒரு முறை எண்ணெய் போட்டுத் திறந்து பார்க்கவும் வேண்டும், துருப்பிடித்த பூட்டுக்குச் சாவி இருந்தும் பயனில்லை.

கேள்வி: தெருமுனையில் நிற்கும் வண்டிகளால் வருவது எதுவும் தெரிவதில்லை.

பதில்: முனையிலிருந்து சில மீட்டருக்கு வண்டி நிறுத்தவே முடியாதபடி செய்யுங்கள். பலகை மட்டும் போதாது, கம்பமோ சைக்கிள் ஸ்டாண்டோ வையுங்கள். அமெரிக்காவின் ஹோபோகன் நகரம் இதைத் தெரு தெருவாகச் செய்தது, வேக வரம்பையும் குறைத்தது. 2017க்குப் பிறகு ஏழு ஆண்டுகள் அங்கே சாலை விபத்தில் ஒருவர்கூட இறக்கவில்லை. முனை திறந்திருந்தால் பெரிய வண்டி திரும்பவும் எளிது.

கேள்வி (பார்வையற்ற ஒருவர்): விபத்து நடந்த இடத்தில் நடைபாதையை அடைத்துவிடுகிறார்கள். எனக்கு வழி சொல்ல ஆள் இல்லை.

பதில்: உங்களிடம் எங்கள் துறை சார்பில் மன்னிப்புக் கேட்க வேண்டும். பார்வையற்றவர்கள் காலாலும் தடியாலும் தொட்டு உணர்ந்து நடக்கப் புடைப்புகளோடு பதிக்கும் மஞ்சள் தரையை ஜப்பானின் செய்யிச்சி மியாகே 1965இல் உருவாக்கினார், 1967இல் ஒகயாமாவில் முதலில் பதித்தார்கள். அத்தனை காலமாக இருக்கும் அந்தப் பாதை மேலேயே எங்கள் வண்டிகள் ஏறி நிற்கின்றன. இடத்தை அடைக்கத் தடுப்பு நாடா கட்டுகிறவரே, நடந்து வருபவர் எந்தப் பக்கம் போவது என்று வாய்விட்டுச் சொல்ல ஒருவரையும் நிறுத்த வேண்டும். தரையோடு ஒட்டிக் கிடக்கும் நாடா கைத்தடிக்குப் படாது, தடியில் தட்டும் தடுப்பு வேண்டும்.

கேள்வி (வார்டு உறுப்பினரே மறுபடியும்): பணமில்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: மருத்துவமனைப் பதிவேட்டிலிருந்து. போலீஸுக்குப் போகாத அடிபட்டவர்கள் நிறையப் பேர் அங்கே கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். பெயர் வேண்டாம், எந்த இடம், எந்த நேரம் என்பது மட்டும் வாங்கி வரைபடத்தில் புள்ளி வையுங்கள். புள்ளி நெருக்கமாக விழும் இடத்துக்கு மூன்று துறையினரும் இருட்டிய பிறகு ஒன்றாக நடந்து போங்கள். வண்டியில் போகாதீர்கள். எரியாத விளக்கு, அழிந்த கோடு, மறைக்கும் மரக்கிளை எல்லாம் நடந்தால்தான் தெரியும். பாதிக்கு மேல் செலவே இல்லாமல் சரிசெய்யக் கூடியவை.

கேள்வி (கட்டுப்பாட்டு அறையில் புதிதாகச் சேர்ந்தவர்): போன வாரம் ஒரு குழந்தை பற்றிய அழைப்பு எடுத்தேன். வண்டி கிளம்பிவிட்டது. அப்புறம் என்ன ஆனது என்றே தெரியவில்லை சார். இரவில் அந்தக் குரல் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

பதில்: எனக்கும் கேட்டிருக்கிறது அம்மா. உங்களிடம் கோளாறு எதுவும் இல்லை. உங்கள் மேலதிகாரியிடம் நாளைக்கே பேசுங்கள். ஒவ்வொரு பெரிய அழைப்புக்கும் பிறகு மருத்துவமனை திரும்ப அழைத்து, நோயாளி எப்படி இருக்கிறார் என்று அறைக்குச் சொல்லும் ஏற்பாட்டைக் கேளுங்கள். எங்கள் அறையில் அது வர ஒன்பது வருடம் ஆனது. செய்தி மோசமாக இருந்தாலும் தெரிந்துகொள்வதுதான் தேவலை. அதுவரை, அப்படி ஓர் அழைப்பு முடிந்ததும் இருக்கையை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுப் பத்து நிமிடம் வெளியே போய் நில்லுங்கள், தனியாக நிற்காதீர்கள். அந்தக் குழந்தை பற்றித் தெரிய வந்தால் எனக்கும் எழுதுங்கள்.