மில்லு வேலைக்குப் போனா விசுவாசம் கொறஞ்சிருமா?

கேள்வி: டீச்சருக்கு ஸ்தோத்திரம். எனக்கு முக்கூடல் பக்கம் ஒரு கிராமம், வயசு 26, பி.காம். முடிச்சிருக்கேன். அப்பா இல்ல. அம்மா பீடி சுத்தித்தான் படிக்க வச்சாங்க, இப்பல்லாம் நைட்டு இலைய கண்ணுகிட்ட கொண்டுபோய்ப் பாத்துத்தான் வெட்டுதாங்க. குரூப் 2, குரூப் 4 எல்லாம் சேத்து நாலு தடவ எழுதிட்டேன், கணக்குலதான் போவுது. "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு" வசனத்த மேசைக்கு மேல ஒட்டி வச்சுத்தான் படிக்கேன். இப்ப சேரன்மகாதேவில ஒரு ரைஸ் மில்லுல கணக்கு எழுத கூப்பிடுதாங்க, மாசம் 12,000. ஜெபக்குழுவுல ஒரு அண்ணன், அதுக்குப் போனா அவிசுவாசம், கர்த்தர் குடுக்கப்போறத நீயே தட்டிவிடுதங்காரு. யூடியூப்ல ஒரு மோட்டிவேஷன் சார், பிளான் பி வச்சிருக்கவன் ஜெயிச்சதே இல்லங்காரு. என்ன மாதிரி சாதாரண குடும்பத்துல பொறந்தவன் பெருசா ஏதாவது செய்யணும்னா தன்னம்பிக்கை வேணுமா, விசுவாசம் வேணுமா? மில்லுக்குப் போகட்டுமா வேண்டாமா? இன்னொண்ணு, போனா மொதச் சம்பளத்த அப்படியே காணிக்கையா படைக்கணும்னும் அந்த அண்ணன் சொல்லிட்டாரு.

பதில்: யய்யா, மொதல்ல மில்லுக்குப் போ. மத்தத அப்புறம் பேசுவோம்.

ஒன் லெட்டர ரெண்டு தரம் படிச்சேன், கோவம் வந்துச்சு, அப்புறம் சிரிப்பும் வந்துச்சு. அந்த அண்ணனும் யூடியூப் சாரும் ஒருத்தர ஒருத்தர் பாத்திருக்கவே மாட்டாங்க, ஆனா ரெண்டு பேரும் பண்ணுதது ஒரே பிரசங்கம், ஒருத்தர் கர்த்தர் பேரச் சொல்லிப் பண்ணுதாரு, இன்னொருத்தர் ஒன் பேரச் சொல்லிப் பண்ணுதாரு, அவ்வளவுதான். பிளான் பி வேண்டாங்காங்களே, ஒனக்கு ஏற்கெனவே பிளான் பி இருக்குல்லா, அது ராத்திரி பதினோரு மணிக்கு பீடித்தட்ட மடில வச்சுக்கிட்டு இலை வெட்டிட்டு இருக்கு. நீ எழுதுத ஒவ்வொரு பரீட்சைக்கும் அப்ளிகேஷன் காசு எங்க இருந்து வந்துச்சு? அத யோசிச்சுப் பாத்தியா?

மேசைக்கு மேல ஒட்டியிருக்கியே வசனம், அது பைபிள்ல அப்போஸ்தலர் பவுல் எழுதுன லெட்டர், பிலிப்பியர் நாலாம் அதிகாரம் 13. நம்ம ஊர்ல காலண்டர்ல, ஆட்டோ பின்னாடி, டியூஷன் சென்டர் சுவத்துல எல்லாத்துலயும் அது இருக்கு. அதுக்கு முந்துன வசனத்த யாரும் ஒட்டுதது இல்ல. "தாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும், வாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும்"னு ஆரம்பிச்சு, வயிறு நெறஞ்சாலும் பசிச்சாலும் ரெண்டுக்கும் பழகிட்டேன்னு பவுல் சொல்லுதாரு, அதுவும் காவல்ல கெடந்துக்கிட்டு எழுதுதாரு. அப்ப அந்த "எல்லாவற்றையும்"ங்கறதுக்குள்ள பசியும் சேந்துதான் இருக்கு, பரீட்சைல தோக்கறதும் சேந்துதான் இருக்கு. அதே பவுல் கொரிந்துல போய் இறங்கினப்ப ஆக்கில்லா வீட்ல தங்கி கூடாரம் பண்ணுத வேல பாத்தாரு, அப்போஸ்தலர் 18-ல இருக்கு, அண்ணன்கிட்ட காட்டு. பகல்ல கைத்தொழில் பாத்துட்டு ஓய்வுநாள்ல பிரசங்கம் பண்ணுனாரு. அவர அவிசுவாசின்னு யாரும் சொன்னதா நான் படிக்கல.

பெருசா ஏதாவது செய்யணும்னு கேட்டிருக்க. நம்ம ஆளு ஒருத்தரச் சொல்லுதேன். திருச்செந்தூர் பக்கம் வெள்ளாளன்விளைல 1874-ல பொறந்தவரு வேதநாயகம் சாமுவேல் அசரியா. அப்பா கிராமத்துச் சபைல ஐயரா, அதாவது போதகரா இருந்தவரு, பையன் வளந்து ஆளாகதுக்கு மின்னயே எறந்துட்டாரு, அம்மாதான் வளத்தாங்க. மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரில பி.ஏ. படிச்சாரு, கடைசிப் பரீட்சை நேரத்துல ஒடம்புக்கு முடியாமப் போச்சு, எழுத முடியாமப் போனது எந்தப் பாடம்னு நெனைக்க? கணக்கு. டிகிரி வாங்காமலே வந்துட்டாரு. வந்து அடுத்த வருஷம் எழுதலாம்னு வீட்ல உக்காரல, ஒய்.எம்.சி.ஏ.ல செயலாளர் வேலைக்குப் போய் பத்துப் பன்னெண்டு வருஷம் ஊரு ஊராச் சுத்துனாரு. அந்தச் சுத்துலதான் வெள்ளக்காரங்களோட சேந்து வேல பாக்கவும் எதுத்துப் பேசவும் படிச்சாருன்னு எனக்குத் தோணுது. 1910-ல எடின்பரோல உலக மிஷனெரி மாநாடு, அங்க மேடைல நின்னு, நீங்க எங்களுக்காக எவ்வளவோ செஞ்சிருக்கீங்க, நாங்க அன்பும் கேக்கோம், எங்களுக்கு நண்பர்களத் தாங்கன்னு கேட்டாரு. அதாவது எசமானா இருந்தது போதும்னு அர்த்தம். அந்தக் காலத்துல அந்தக் கூட்டத்துல அப்படிப் பேசுனத தன்னம்பிக்கைம்பியா விசுவாசம்பியா? எனக்கு அதப் பிரிச்சுப் பாக்கத் தெரியல. 1912-ல ஆங்கிலிக்கன் சபைல மொத இந்தியப் பேராயர் அவருதான்.

ஆனா ஒண்ணு, அசரியாவும் பரீட்சைல கோட்ட விட்டாரு, பேராயரா ஆனாரு, அதனால நீயும் பெரிய ஆளா வருவன்னு நான் சொல்லல. அந்த வருஷம் கோட்ட விட்ட மத்தவங்க பேரு நமக்குத் தெரியாதுல்லா. பரீட்சை போனதும் கைக்கு வந்த வேலைய அவரு கேவலமா நெனைக்கல, அது வரைக்குந்தான் நான் எடுத்துக்கிடுதேன்.

விசுவாசம் பத்தலங்கற பேச்சு இருக்கே, அது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது, என்னமோ பிபி பாக்குத மாதிரி கையில பட்டையக் கட்டி அளந்துட்டு வந்தாப்புல. டோனாவூர் போயிருக்கியா? களக்காட்டுல இருந்து பக்கந்தான். அயர்லாந்துல இருந்து வந்த மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மா அங்க எத்தன பிள்ளைகள வளத்தாங்க, 1931-ல விழுந்து காலு ஒடிஞ்சது, அதுக்கப்புறம் 1951-ல சாகுற வரைக்கும் இருபது வருஷம் கிட்டத்தட்ட அந்த ரூமுக்குள்ளயேதான். ஜெபிக்காமலா இருந்திருப்பாங்க? சுகம் கெடைக்கல. படுத்த படுக்கையா இருந்துக்கிட்டே புஸ்தகம் எழுதித் தள்ளுனாங்க. அவங்க கல்லறைல பெரிய கல்லெல்லாம் கெடையாது, பறவைக தண்ணி குடிக்க ஒரு தொட்டி இருக்கு, அதுல "அம்மா"ன்னு மட்டும் எழுதியிருக்கும். அந்த அண்ணன் அங்க போய் நின்னு, இந்தம்மாவுக்கு விசுவாசம் பத்தலன்னு சொல்லட்டும் பாப்போம்.

தன்னம்பிக்கைன்னா பாளையங்கோட்டை பார்வையற்றோர் பள்ளிதான் எனக்கு ஞாபகம் வரும். 1890-ல மிஷனெரி ஆஸ்க்வித் அம்மா ஆரம்பிச்சது. ஆனா அது அவங்களாத் தொடங்குனது இல்ல, கண்ணு தெரியாத ஒரு வேலைக்காரப் பையன் எனக்கும் படிக்கச் சொல்லிக் குடுங்கன்னு கேட்டதுலதான் தொடங்குச்சு. கேக்கதுக்கு எவ்வளவு தைரியம் வேணும்.

எங்க ஊரு நாசரேத் பக்கம். எங்க அம்மா உலை வைக்கதுக்கு மின்ன, களையப்போற அரிசில இருந்து ஒரு பிடி எடுத்து அடுப்பு மூலைல இருக்க குட்டிப் பானைல போடுவா, கைப்பிடி அரிசி, சனிக்கெழம சபைல இருந்து சாக்கோட வந்து வாங்கிட்டுப் போவாங்க, ஏலம் விடுவாங்க. சில நாள் அரிசியே ஒரு ஒழக்குதான் இருக்கும். அன்னைக்கும் போடுவா, ஆனா வெரல நல்லா இறுக்கி மூடிக்கிட்டு எடுப்பா, பிடி சின்னதா இருக்கணுமே. நான் பாத்துச் சிரிச்சா, "கர்த்தருக்குக் கணக்குத் தெரியும், நீ போய்ப் படி"ம்பா. 1903-ல பாளையங்கோட்டைல இந்திய மிஷனெரி சங்கம் ஆரம்பிச்சப்ப வெளிநாட்டுக் காசு வேண்டாம், நம்ம ஆளு நம்ம காசுன்னு முடிவு பண்ணி, தெலுங்கு பேசுத தோர்ணக்கல்லுக்கு ஆள் அனுப்புனாங்க. அசரியாவும் அத ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர். எங்கம்மா மாதிரி பொம்பளைக இறுக்கி மூடுன பிடிலயுந்தான் இந்த மாதிரி வேலையெல்லாம் ஓடுச்சு, அவங்க பேரு எந்தக் கல்வெட்டுலயும் கெடையாது.

சரி, ஒன் கணக்குக்கு வாரேன். 200 கேள்வில கணக்கு 25-தான், எல்லாம் பத்தாங்கிளாஸ் தரம். மில்லுல என்ன கணக்கு எழுதப்போற? நெல்லு எத்தன குவிண்டால் உள்ள வந்துச்சு, ஈரத்துக்கு எவ்வளவு கழிச்சாங்க, அரிசி எவ்வளவு நின்னுச்சு, தவிடு எவ்வளவு, உமி எவ்வளவு, வட்டிக்கு வாங்குன காசுக்கு மாசம் என்ன போவுது. பூராவும் சதவீதமும் விகிதமும் வட்டியுந்தான். சம்பளமும் குடுத்து கணக்கும் சொல்லித் தாராங்க, நீ வேண்டாங்கியே! சாயங்காலம் வந்து அன்னைக்கு எழுதுன கணக்குல பத்த கால்குலேட்டர் இல்லாமப் போட்டுப் பாரு. மாவட்ட வேலைவாய்ப்பு ஆபீஸ்ல தன்னார்வப் பயிலும் வட்டம்னு ஃப்ரீ கோச்சிங் இருக்கு, எந்த நேரத்துல கிளாஸ் நடக்குன்னு நேர்ல போய்க் கேளு. இன்னும் ரெண்டு தடவ எழுது, அதுக்கு மேல எழுதணுமான்னு அப்ப எனக்கு லெட்டர் போடு. அந்த வசனத்த கிழிக்க வேண்டாம், பக்கத்துல 12-ஆம் வசனத்தையும் எழுதி ஒட்டு.

மொதச் சம்பளம் பத்தி கேட்டியே. அம்மாவ பஸ் ஏத்தி கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ, கண்ணாடி வேணுமா புரையான்னு பாத்துட்டு வா, மிச்சம் இருந்தா காணிக்கை போடு. அண்ணன் ஏதாவது சொன்னா மாற்கு ஏழுல, அப்பா அம்மாவுக்குச் செய்ய வேண்டியத கொர்பான், அதாவது காணிக்கைன்னு சொல்லித் தட்டிக் கழிக்கவங்களப் பத்தி இயேசு என்ன சொன்னாருன்னு வாசிச்சுக் காட்டு. அப்புறம் கண்ணாடி ஃப்ரேம் அம்மாவையே பாத்து எடுக்கச் சொல்லு, நீ எடுத்தா வெல கொறஞ்சதாத்தான் எடுப்ப.