பேக்கேஜுக்குப் பணம் கட்டும் முன் உங்கள் கணவரின் ரிப்போர்ட் வரட்டும்

கேள்வி: எனக்கு 29 வயது, ஊர் காரைக்குடி. ஒன்றரை வருடமாகக் குழந்தைக்கு முயற்சி செய்கிறோம். மதுரையில் ஒரு சென்டருக்குப் போனால், டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே 18,500 ரூபாய் டெஸ்ட் பேக்கேஜ் கட்டச் சொல்கிறார்கள். எல்லாமே எனக்குத்தான், கணவருக்கு அப்புறம் பார்க்கலாமாம். இன்றே கட்டினால் தள்ளுபடி என்கிறார்கள். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். ஒரு வருடம் தாண்டிவிட்டதால் டெஸ்ட் எடுக்க வேண்டிய நேரம்தான் (35 வயதுக்கு மேல் என்றால் ஆறு மாதத்திலேயே போக வேண்டும்). ஆனால் எந்த டெஸ்ட், எது முதலில் என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும், அதுவும் உங்கள் மாதவிலக்குக் கணக்கையெல்லாம் கேட்ட பிறகு.

முதல் டெஸ்ட் உங்கள் கணவருக்கு. விந்துப் பரிசோதனைக்குச் செலவும் குறைவு, ஊசியும் கிடையாது. நம்மூர் நகரத்தார் கோயில் கணக்கில் கணவன் மனைவி இரண்டு பேரையும் சேர்த்து ஒரு புள்ளி என்றுதானே எழுதுகிறார்கள், டெஸ்ட்டுக்கு மட்டும் ஏன் பெண்ணை முன்னால் தள்ள வேண்டும்? மாதக்கணக்கில் அவளுக்கு ஊசி போட்டு, ஸ்கேன் எடுத்து, கடைசியில் கணவருக்குத்தான் விந்தணு எண்ணிக்கை குறைவு என்று தெரிய வந்தால், அந்தப் பெண் பட்ட வலிக்கு யார் பதில் சொல்வது? எனக்கு இதில் மனசே ஆறாது.

உங்கள் கணவர், கடைசியாக விந்து வெளியானதிலிருந்து 2 முதல் 7 நாள் இடைவெளி விட்டுப் போக வேண்டும். சாம்பிள் ஒரு மணி நேரத்துக்குள் லேபுக்குப் போய்ச் சேர வேண்டும், அதனால் காரைக்குடியில் எடுத்து மதுரை பஸ்ஸில் கொண்டுபோகிற யோசனையே வேண்டாம், லேபிலேயே கொடுக்கட்டும். ரிப்போர்ட் சரியில்லை என்றாலும் அதை வைத்து முடிவு கட்டாதீர்கள். நல்ல காய்ச்சல் வந்துபோனால்கூட எண்ணிக்கை குறையும், புது அணுக்கள் உருவாக இரண்டரை மாதம் போல ஆகும், அதனால் பெரும்பாலும் மூன்று மாதம் கழித்து இன்னொரு தடவை பார்க்கச் சொல்வார்கள்.

உங்கள் டெஸ்ட்டுகளில் பணம் வீணாவது தப்பான நாளில் எடுப்பதால்தான். எஃப்.எஸ்.ஹெச்., எல்.ஹெச். என்ற ஹார்மோன் டெஸ்ட் இரண்டும் மாதவிலக்கான 2 அல்லது 3-ம் நாள் எடுக்க வேண்டியவை, 'இன்றே கட்டுங்கள், இன்றே ரத்தம் எடுத்துவிடலாம்' என்பவர் உங்கள் தேதியைக் கேட்டாரா? தைராய்டு, ஏ.எம்.ஹெச். எந்த நாளும் எடுக்கலாம். இந்த ஏ.எம்.ஹெச். முட்டை இருப்பைத்தான் காட்டும், இயல்பாகக் கர்ப்பம் தரிக்குமா தரிக்காதா என்று சொல்லாது. அது குறைவு என்ற ஒரே காரணத்துக்காக உடனே ஐ.வி.எஃப். (சோதனைக்குழாய் முறை) என்று யாராவது அவசரப்படுத்தினால் வேறொரு டாக்டரிடமும் கேளுங்கள்.

கருக்குழாய் அடைப்பைப் பார்க்கும் எக்ஸ்ரே, ரத்தப்போக்கு நின்ற பிறகு, கருமுட்டை வெளியாகும் முன் எடுப்பது. வலிக்கும், துணைக்கு ஆள் வேண்டும். கணவரின் எண்ணிக்கை மிகவும் குறைவு என்றால் வைத்தியத்தின் போக்கே மாறி இது தேவைப்படாமலும் போகலாம், அதனால்தான் அவர் ரிப்போர்ட் வரட்டும் என்கிறேன்.

பில்லில் ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் தனித்தனியே விலை போட்டு வாங்குங்கள். ஏற்கெனவே எடுத்த தைராய்டு ரிப்போர்ட் இருந்தால் காட்டுங்கள். சென்டர் 2021-ம் ஆண்டுச் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி பதிவானதா என்று சான்றிதழைப் பாருங்கள். ரிப்போர்ட்டெல்லாம் உங்கள் கையில்தான் இருக்க வேண்டும், சிகிச்சைப் பதிவுகளை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது விதி. பில்லிலோ ரிப்போர்ட்டிலோ இழுத்தடித்தால் நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடுங்கள்.