குளத்தின் அடிக்கணக்கு: வெள்ளம் பற்றிய கேள்வி பதில்

நீர்ப்பாசன வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பின்னும், மாரி பிறந்தால் என்னிடம் வருகிற கேள்வி ஒன்றுதான்: "இந்த முறை வெள்ளம் வருமா?" அதைத் தவிர எதையும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன்.

கேள்வி (கண்டாவளை, கிளிநொச்சி): ஐயா, 2018 டிசம்பரில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்தது. இப்போது வானம் இருட்டினாலே பிள்ளைகள் தூங்குவதில்லை. எப்போது வெளியேற வேண்டும்?

பதில்: தலைக்கு மேலே பார்க்காதீர்கள், தெற்கே பாருங்கள். வவுனியாப் பக்கத்து மழையை அள்ளிக்கொண்டுதான் கனகராயன் ஆறு இரணைமடுக் குளத்துக்கு வருகிறது. குளத்தின் முழுமட்டம் 36 அடி. நிறைந்த குளத்தில் பெருமழையும் சேர்ந்தால், மிகை நீரை வெளியேற்றும் வான்கதவைத் திறப்பதைத் தவிர வேறு வழியில்லை. அந்தத் தண்ணீர் உங்கள் பக்கத்தால்தான் சுண்டிக்குளம் கடல்நீரேரிக்குப் போகும். ஆகவே கார்த்திகை, மார்கழியில் தினமும் குளத்தின் அடிக்கணக்கை, அதாவது நீர் எத்தனை அடி நிற்கிறது என்பதை, விசாரித்துக் குசினிச் சுவரில் கரியால் எழுதுங்கள். குளம் நிறைந்திருக்க வவுனியாவில் மழை விடாமல் பெய்தால், பகலிலேயே கிளம்பிவிடுங்கள். வெள்ளம் வராவிட்டால் உறவினர் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

கேள்வி (நானாட்டான், மன்னார்): எங்களுக்குத் தூறல்கூட இல்லாத நாளிலும் ஆறு பெருகுகிறதே?

பதில்: உங்கள் அருவியாறுக்குத்தான் மேலே அநுராதபுரத்தில் மல்வத்து ஓயா என்று பெயர். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது பார்த்தீர்களே. மேலே பெய்தது கீழே வந்து சேர நேரம் எடுக்கும். அந்த நேரம்தான் உங்கள் கையிருப்பு. அநுராதபுரத்துச் செய்தியைக் கேளுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தை 117இல் அழைத்தும் விசாரிக்கலாம்.

கேள்வி (முரசுமோட்டை): வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடு, அத்திவாரம் தாழ்வு. வளவை மண் போட்டு உயர்த்தலாமா?

பதில்: தம்பி, வளவு முழுவதையும் உயர்த்தினால் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குள் போகும். எத்தனையோ வேலிச் சண்டைகளை இதனால் கண்டிருக்கிறேன். சுவரில் பழைய வெள்ளம் விட்ட கறை இருக்கிறதல்லவா? அதுதான் உங்கள் அளவுகோல். மின் பிளக்குகளை அதற்கு ஒரு முழம் மேலே மாற்றுங்கள். ஓர் அறையிலாவது பனஞ்சிலாகையில் உறுதியான பரண் போடுங்கள். விதைநெல், காணி உறுதி, அடையாள அட்டை, பாடப்புத்தகம் எல்லாம் பொலித்தீனில் சுற்றி மாரி முடியும்வரை அங்கேயே இருக்கட்டும். மண் போடுவதானால் மாட்டுப்பட்டிக்கு ஒரு மேடு போடுங்கள். ஆபத்து வந்தால் முதலில் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள். கட்டிய மாடுதான் சாகிறது. புதிதாகக் கட்டுபவர்கள் கறைக்கு மேலே ஓரடியாவது தரையை உயர்த்த வேண்டும். மாரிக்கு முன் ஊரோடு சேர்ந்து மதகுகளைத் துப்புரவாக்குங்கள். அடைபட்ட ஒரு மதகு போதும், தெருவே அணைக்கட்டாகிவிடும்.

கேள்வி (பரந்தன்): வெள்ளம் வடிந்தபின் கிணற்று நீர் தெளிந்துவிட்டது. குடிக்கலாமா?

பதில்: கூடாது. மலகூடக் குழியும் கிணறும் ஒரே வெள்ளத்தில்தானே கிடந்தன? இறைத்து, குளோரின் இட்டு, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொன்ன பிறகே குடியுங்கள். வயலில் இறங்குபவர்கள் எலிக்காய்ச்சல் தடுப்பு மருந்தையும் அவரிடம் கேளுங்கள்.

கேள்வி (பளை): வெள்ளம் அரித்த வரம்பில் துருப்பிடித்த ஏதோ தெரிகிறது. கண்ணிவெடி அகற்றிய காணிதான்.

பதில்: தண்ணீருக்கு அது தெரியாது. வெடிபொருள் வேறிடத்திலிருந்து உருண்டும் வரும். தொடாமல், வந்த அடிச்சுவட்டிலேயே திரும்பி பொலிஸின் 119க்கு அறிவியுங்கள். பிள்ளைகளையும் ஆடுகளையும் அந்தப் பக்கம் விடாதீர்கள்.