ஏஐ படத்தையே மாற்றித் தருமா? கடவுச்சொல்லைக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

கேள்வி: என் அம்மாவுக்கு ரத்தம் தெறிக்கிற காட்சி வந்தாலே படபடப்பு வந்துவிடும். 9 வயது மகனுக்குப் பேய்க் காட்சி ஆகாது. எந்தப் படத்தையும் அவரவர் விருப்பத்துக்கு ஏற்ப ஏஐ மாற்றித் தரும், சோக முடிவைக்கூட சுப முடிவாக ஆக்கிவிடும் என்று ஒரு செயலியின் முகவர் சொன்னார். வாழ்நாள் சந்தா என்று முன்பணமும் வாங்கிக்கொண்டார். இப்போது எங்கள் ஓடிடி கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கிறார். கொடுக்கலாமா? சட்டப்படி இது சரிதானா?

பதில்: கொடுக்காதீர்கள். மீதிப் பணத்தையும் கொடுக்க வேண்டாம். காரணங்களைக் கீழே சொல்கிறேன், ஆனால் இந்த இரண்டையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இப்படிக் கேட்பவர்களில் பலர் பதிலைப் படித்து முடிப்பதற்குள் முகவர் இரண்டு தடவை போன் செய்து, "சலுகை இன்றோடு முடிகிறது" என்று சொல்லிக் காரியத்தை முடித்துவிடுகிறார்.

உங்கள் தேவை நியாயமானது. அம்மாவுக்காகவும் பையனுக்காகவும் நீங்கள் கேட்பதற்கு உண்மையிலேயே ஒரு தொழில்நுட்பம் இருக்கிறது. அதற்குப் பெயர் ஃபில்டர், அதில் மாயமந்திரம் எதுவும் இல்லை. யாரோ ஒருவர் படத்தை முழுக்கப் பார்த்து, கத்திக்குத்து எந்த நொடியில் தொடங்கி எந்த நொடியில் முடிகிறது, கெட்ட வார்த்தை எங்கே வருகிறது, பேய் எங்கே திடீரென்று முகம் காட்டுகிறது என்று பட்டியல் போட்டு வைக்கிறார். நீங்கள் "ரத்தம் வேண்டாம்" என்று தேர்வு செய்தால், அந்த நொடி வந்ததும் பிளேயர் தாண்டிப் போகும். வசனம் மட்டும்தான் வேண்டாம் என்றால் ஒலியை மட்டும் நிறுத்திவிடும். படத்தை ஏற்கெனவே பார்த்த ஒருவர் ரிமோட்டை வைத்துக்கொண்டு உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போலத்தான். படத்தில் ஒரு பிரேம்கூட (சினிமாவை உருவாக்கும் தனித்தனி நிழற்படங்களில் ஒன்றுகூட) மாறவில்லை. அமெரிக்காவில் கிளியர்பிளே என்ற நிறுவனம் பல ஆண்டுகளாக இதைத்தான் செய்துவருகிறது.

இதில் விளம்பரம் சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. பட்டியல் எந்தப் பதிப்புக்குப் போடப்பட்டதோ அந்தப் பதிப்புக்கு மட்டும்தான் சரியாக வரும். சினிமா நொடிக்கு 24 பிரேமில் எடுக்கப்படுகிறது. பால் (PAL) என்ற டிவி முறைக்கான டிவிடிகளில் அதே படத்தைப் பெரும்பாலும் நொடிக்கு 25 பிரேமாக ஓட்டினார்கள். ஒரு பிரேம்தானே என்று தோன்றும், ஆனால் 2 மணி நேரப் படம் அந்த வேகத்தில் கிட்டத்தட்ட 5 நிமிடம் முன்னதாகவே முடிந்துவிடும். 24-க்குப் போட்ட பட்டியலை 25-இல் ஓட்டினால், கடைசி அரை மணியில் வரும் கத்திக்குத்து அம்மாவின் கண் முன்னால் முழுசாக ஓடும். அது முடிந்து நாலு நிமிடம் கழித்து, யாருக்கும் தொந்தரவில்லாத ஏதோ ஒரு காட்சி காணாமல் போகும். ஒரே படம் ஓரிடத்தில் தணிக்கைக்காக வெட்டப்பட்டும், இன்னோரிடத்தில் முழுசாகவும் வருவது சாதாரணம். அங்கும் இதே கதைதான். அதனால் முகவரிடம் கேட்க வேண்டியது, "ஏஐ இருக்கிறதா?" என்பது இல்லை. "நான் பார்க்கிற மொழிப் படங்களில் எவற்றுக்குப் பட்டியல் இருக்கிறது, எந்தப் பதிப்புக்கு?" என்று கேளுங்கள், பெயர் பெயராகக் காட்டச் சொல்லுங்கள். "எந்தப் படமானாலும்" என்றுதான் பதில் வருகிறது என்றால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.

சரி, "ஏஐ படத்தையே மாற்றும்" என்கிறாரே, அது?

வீட்டிலேயே நீங்கள் சோதித்துப் பார்க்கலாம். போனில் ஓடிடி செயலியில் ஒரு படத்தை ஓடவிட்டு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பெரும்பாலும் படம் இருக்க வேண்டிய இடம் கறுப்பாகத்தான் வரும். அந்தப் படம் பூட்டிய நிலையில் உங்கள் போனுக்கு வருகிறது, காட்டுகிற நேரத்தில் மட்டும்தான் பூட்டு திறக்கிறது, பக்கத்தில் இருக்கிற வேறு செயலிகளுக்கு அந்தக் காட்சி கிடைக்காது. அப்படியிருக்க, முகவரின் செயலி எதை எடுத்து மாற்றும்? அவருடைய செயலி ஸ்கிப்பும் மியூட்டும் மட்டும் செய்வதாக இருக்கலாம், அப்படியானால் ஏஐ என்ற சொல் விலையை ஏற்றுவதற்கு. இல்லையென்றால் அவரிடம் பூட்டு உடைத்த திருட்டுப் பிரதி இருக்கிறது. இந்த இரண்டைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. அதோடு, 2 மணி நேரப் படத்தில் 1,72,800 பிரேம்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் முகம், வெளிச்சம், உதட்டசைவு எதுவும் பிசகாமல், ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாக மாற்றி, அதை ஒரு சின்னச் சந்தாவுக்குள் தருகிறேன் என்கிறார். நம்பாதீர்கள்.

முடிவை மாற்றுவது வேறு சமாச்சாரம். பார்ப்பவர் முடிவு செய்கிற படங்கள் உண்டு. 1967-இல் கனடாவின் மாண்ட்ரியலில் நடந்த உலகக் கண்காட்சியில், செக்கோஸ்லோவாக்கியாவின் ராதுஸ் சின்சேரா உருவாக்கிய கினோஆட்டோமட் என்ற படத்தில், பார்வையாளர்கள் நாற்காலியில் இருந்த பொத்தானை அழுத்தி அடுத்து என்ன நடக்க வேண்டும் என்று வாக்களித்தார்கள். 2018-இல் நெட்ஃப்ளிக்ஸ் பேண்டர்ஸ்னாட்ச் கொண்டுவந்தது. இரண்டிலும் கிளைக் கதைகளை எழுதி, நடிக்கவைத்து, படம்பிடித்து வைத்திருந்தார்கள். பார்ப்பவர் அவற்றில் ஒன்றைத் தேர்வு செய்கிறார், அவ்வளவுதான். எடுக்காத முடிவை யாரும் தேர்வு செய்ய முடியாது. எடுத்து முடித்த படத்தின் முடிவை ஏஐ வைத்து மாற்றுவதும் நடந்திருக்கிறது: 2025 ஆகஸ்டில், தனுஷ் நடித்த ராஞ்சனா என்ற இந்திப் படத்தின் தமிழ் வடிவமான அம்பிகாபதி மாற்றப்பட்ட சுப முடிவோடு மறுவெளியீடு ஆனது. அதைச் செய்தது உரிமை வைத்திருந்த நிறுவனம், எல்லோருக்கும் ஒரே மாற்றம். அதற்கே இயக்குநர் ஆனந்த் எல். ராயும் தனுஷும் வெளிப்படையாக எதிர்ப்புச் சொன்னார்கள். உரிமையாளரே செய்தபோது இந்த நிலைமை என்றால், உரிமையே இல்லாத ஒரு முகவர் உங்களுக்கு முடிவு மாற்றித் தருகிறேன் என்பதை என்னவென்று எடுத்துக்கொள்வது?

இனி சட்டம். விளம்பரங்களில் "சட்டமே அனுமதிக்கிறது" என்று காட்டப்படுவது பெரும்பாலும் அமெரிக்காவின் 2005-ஆம் ஆண்டு குடும்பத் திரைப்படச் சட்டம். அதில் பதிப்புரிமை விதிகளிலிருந்து ஒரு விலக்கு இருக்கிறது, அதை நான் கொஞ்சம் விரிவாகவே சொல்லப் போகிறேன், ஏனென்றால் ஏமாற்று வேலை முழுக்க இங்கேதான் ஒளிந்திருக்கிறது. வீட்டில் உள்ள ஒருவர், வீட்டுக்குள் பார்ப்பதற்காக, படத்தின் சில பகுதிகளைக் காணாமலோ கேட்காமலோ செய்யலாம். அது முறையாகக் கிடைத்த பிரதியாக இருக்க வேண்டும். மாற்றிய வடிவம் தனிப் பிரதியாக எங்கும் பதிவாகக் கூடாது. இந்த நிபந்தனைகளை ஒன்றாகச் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். முதல் வரியை மட்டும் படித்துக் காட்டுகிறவர்கள்தான் அதிகம்.

"சிடியை நானே காசு கொடுத்து வாங்கினேன், அப்புறம் என்ன?" என்று கேட்பீர்கள். இதைத்தான் விட்ஏஞ்சல் என்ற அமெரிக்க நிறுவனமும் கேட்டது. கடையில் டிஸ்க் வாங்கியது, 20 டாலருக்கு வாடிக்கையாளருக்கு விற்றது, படத்தை ஃபில்டரோடு இணையத்தில் காட்டியது, பார்த்து முடித்ததும் 19 டாலருக்குத் திரும்ப வாங்கிக்கொண்டது. டிஸ்க் வாங்கியது உண்மை, காசு கொடுத்தது உண்மை, ஃபில்டரும் உண்மை. ஆனால் வாடிக்கையாளர் பார்த்தது அந்த டிஸ்கை இல்லை. டிஸ்கின் பூட்டை உடைத்து, கணினியில் எடுத்து வைத்த இன்னொரு பிரதியை. முறையான பிரதி என்ற நிபந்தனை அந்த இடத்தில் உடைந்தது. 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்தச் சேவைக்குக் கீழ் நீதிமன்றம் போட்டிருந்த தடையை உறுதி செய்தது, 2019-இல் நடுவர் குழு 6.24 கோடி டாலர் இழப்பீடு என்றது. அதற்கும் முன்னால், 2006-இல், காட்சிகளை வெட்டி எடுத்த டிஸ்க்குகளைத் தயாரித்து விற்றுவந்த கிளீன்ஃபிளிக்ஸ் என்ற நிறுவனத்துக்கு எதிராகவும் தீர்ப்பு வந்தது. அங்கே பிரச்சினை, மாற்றிய படம் தனிப் பிரதியாக இருந்தது. ஆக, உங்கள் சந்தாவில் நீங்கள் பார்க்கிற படத்தின் மேல் தாண்டுவதும் ஒலி நிறுத்துவதும் ஒரு பக்கம். யாரோ மாற்றி வைத்த கோப்பை உங்களுக்கு அனுப்புவது வேறு பக்கம், அதில் ஃபில்டர் இருக்கிறது என்பதால் அது நல்ல பிரதியாகிவிடாது. இதெல்லாம் அமெரிக்காவுக்கு. நீங்கள் வேறு நாட்டில் இருந்தால் இந்த விலக்கு உங்களுக்கும் இருக்கும் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

கடவுச்சொல்லுக்கு வருகிறேன். கணக்கைக் கையில் வாங்கிக்கொள்கிறவர் அதைப் பத்து பேருக்கு வாடகைக்கு விடலாம், அதே கடவுச்சொல்லை உங்கள் மின்னஞ்சலில் போட்டுப் பார்க்கலாம். சில முகவர்கள் கடவுச்சொல்லுக்குப் பதில் பிரவுசரில் ஒரு நீட்சியை (எக்ஸ்டென்ஷன்) போடச் சொல்வார்கள், "எல்லா இணையதளங்களிலும் உள்ள தரவைப் படிக்கவும் மாற்றவும்" அனுமதி கேட்கும் அது. வங்கித் தளமும் அந்த "எல்லா"வில் அடக்கம். வேறு சிலர் ஆப் ஸ்டோரில் இல்லாத செயலியை நேரடியாகப் போனில் நிறுவும் ஏபிகே கோப்பை அனுப்புவார்கள். முகபாவத்தைப் பார்த்துக் கதையை மாற்றும் என்று சொல்லிக் கேமரா அனுமதி கேட்பதும் உண்டு. எல்லாவற்றுக்கும் பதில் ஒன்றுதான், வேண்டாம்.

"ரசனை விவரம் மட்டும்தானே, பெயர்கூட இல்லை" என்று சொன்னாலும் கொடுக்காதீர்கள். நெட்ஃப்ளிக்ஸ் 2006-இல் 10 லட்சம் டாலர் பரிசுப் போட்டி அறிவித்து, பெயர்களை நீக்கிவிட்டு சுமார் 10 கோடி மதிப்பீடுகளை வெளியிட்டது. அர்விந்த் நாராயணன், விட்டாலி ஷ்மாடிகோவ் என்ற இரண்டு ஆய்வாளர்கள், ஐஎம்டிபி என்ற திரைப்படத் தகவல் தளத்தில் மக்கள் வெளிப்படையாகக் கொடுத்திருந்த மதிப்பீடுகளோடு அதைப் பொருத்திப் பார்த்து, அதில் இருந்த சிலரை அடையாளம் காட்டினார்கள். அடுத்த போட்டி 2010-இல் கைவிடப்பட்டது. எந்தப் படத்தை எப்போது பார்த்தீர்கள் என்ற பட்டியலே உங்கள் கைரேகை மாதிரி ஆகிவிடுகிறது.

எனக்குக் கோபம் முகவர்கள் மேல் மட்டுமில்லை. 1996-இல் வந்த டிவிடி தரத்திலேயே 8 நிலை பெற்றோர் கட்டுப்பாட்டுக்கும், ஒரே டிஸ்கில் வேறு வேறு வடிவங்களைத் தாண்டித் தாண்டி ஓட்டுவதற்கும் இடம் இருந்தது. படம் வெளியிட்டவர்கள் அதைத் தொடவே இல்லை என்று சொல்லலாம். இன்று ஓடிடி நிறுவனங்களுக்கு ஒரு படத்தின் எந்த நொடியில் டைட்டில் பாட்டு முடிகிறது என்று தெரியும், அதைத் தாண்ட ஒரு பொத்தான் வைக்கிறார்கள். ரத்தக் காட்சியைத் தாண்ட ஒரு பொத்தான் வைப்பதில் என்ன கஷ்டம்? உங்கள் ரசனைக்கு ஏற்றபடி போஸ்டரை மாற்றிக் காட்ட அவர்களால் முடிகிறது, 2017-இலேயே நெட்ஃப்ளிக்ஸ் அதை விளக்கி எழுதியது. கிளிக் வாங்கித் தருகிற இடத்தில் தனிப்பயனாக்கம் தாராளம், அம்மா நிம்மதியாகப் படம் பார்க்கிற இடத்தில் ஒன்றும் கிடையாது. அந்தக் காலி இடத்தில்தான் முகவர்கள் கடை விரிக்கிறார்கள்.

இப்போதைக்குக் கையில் இருப்பதை வைத்து இதைச் செய்யுங்கள். மகனுக்குத் தனிப் புரொஃபைல், வயது வரம்போடு, உங்கள் புரொஃபைலுக்கு ரகசிய எண் (PIN) பூட்டு. ஆட்டோபிளே முன்னோட்டத்தை நிறுத்துங்கள், குழந்தைகள் பயப்படுவது பல நேரம் படத்தைப் பார்த்து அல்ல, தானாக ஓடுகிற டிரெய்லரைப் பார்த்து. அம்மாவுக்கு, படம் போடுவதற்கு முன் ஐஎம்டிபியில் அந்தப் படத்தின் பெற்றோர் வழிகாட்டிப் பகுதியைப் பாருங்கள், வன்முறை எவ்வளவு, எந்த மாதிரி என்று பார்த்தவர்களே எழுதியிருப்பார்கள். வசனம் சரியாகக் கேட்காமல் அவர் ஒலியைக் கூட்டி, சண்டை வரும்போது அதிர்ந்துபோகிறார் என்றால், சில தளங்களில் வசனத்தை மட்டும் உயர்த்தும் வசதி இருக்கிறது, ஒலி அமைப்பில் தேடுங்கள்.

முகவருக்குக் கொடுத்த முன்பணத்தை எழுத்தில் கேளுங்கள், போனில் பேச வேண்டாம். கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடம் பரிவர்த்தனையை மறுத்துப் புகார் கொடுங்கள், நாள் தள்ளத் தள்ள அது கடினமாகும். ஒருவேளை வீட்டில் யாராவது கடவுச்சொல்லை ஏற்கெனவே சொல்லியிருந்தால், இன்றே மாற்றிவிட்டு, "எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு" என்பதையும் அழுத்துங்கள். கடவுச்சொல்லை மாற்றினால் மட்டும் ஏற்கெனவே உள்ளே இருப்பவர் வெளியே போய்விடுவார் என்று நம்ப முடியாது. அதே சொல்லை மின்னஞ்சலுக்கும் வைத்திருந்தால், முதலில் மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மாற்றுங்கள், அப்புறம் ஓடிடி.