ஏழு மறுப்புகளும் நீங்கள் கணக்கில் சேர்க்காத ஒரு சேர்க்கைக் கடிதமும்

போன ஞாயிற்றுக்கிழமை கேரியிலிருந்து ஒரு குடும்பம் கல்லூரிச் சேர்க்கைக்கு ஆலோசனை கேட்டு என்னோடு பேசியது. கேரி என்பது அமெரிக்காவின் வட கரோலினாவில் ராலேவுக்குப் பக்கத்து ஊர், நம் ஆட்கள் நிறைய இருக்கும் இடம். மகளுக்குப் பதினெட்டு வயது. ஒன்பதாம் வகுப்பிலேயே 'ஏர்லி காலேஜ்' பள்ளியில் சேர்ந்தவள், வரும் மே மாதம் பள்ளிச் சான்றிதழோடு சமுதாயக் கல்லூரியின் (கம்யூனிட்டி காலேஜ்) இரண்டாண்டுப் பட்டத்தையும், அதாவது அசோசியேட் டிகிரியையும், சேர்த்தே வாங்கப் போகிறாள். ஒன்பது இடங்களுக்கு விண்ணப்பித்தாள். ஏழில் மறுப்பு, ஒன்றில் வெயிட்லிஸ்ட்.

அம்மா பேச ஆரம்பித்ததுமே அழுதுவிட்டார். "பதினாலு வயசுலேர்ந்து காலேஜ் பாடம் படிச்ச பிள்ளை மேடம், அத்தனையும் வீணா?" அப்பா வாயே திறக்கவில்லை. அவருக்கும் சேர்த்து நியூ ஜெர்சியில் இருக்கும் பெரியப்பா குடும்ப வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டிருக்கிறாராம். நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: ஏழும் ஒன்றும் எட்டு, ஒன்பதாவது என்ன ஆச்சு? "அது ஏதோ மலைக்குள்ள இருக்கிற காலேஜ் மேடம். அக்டோபர்ல விண்ணப்பக் கட்டணம் இல்லாத வாரத்துல சும்மா போட்டது. இடம் கிடைச்சிருக்கு, ஆனா அதை நாங்க கணக்குல எடுக்கல."

அந்த ஒன்பதாவதைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். கொஞ்ச நேரம் ஆறுதல் சொன்னேன், உண்மையாகவே சொன்னேன், ஏனென்றால் ஏழு முறை 'இல்லை' கேட்பது எந்தப் பிள்ளைக்கும் வலிக்கும். ஆனால் அதற்கு மேல் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தால் உங்களுக்குத்தான் கெடுதல்.

முதலில் ஏன் இப்படி நடந்தது என்று புரிந்துகொள்ளுங்கள். கையில் ஒரு பட்டம் இருப்பதால் பெரிய பெயருள்ள கல்லூரிகள் வரிசையில் முன்னால் விடும் என்று நினைத்தீர்கள். அப்படி இல்லை. பள்ளியில் இருக்கும்போதே வாங்கிய பட்டம் என்பதால் பெரும்பாலான இடங்களில் உங்கள் மகள் முதலாண்டு மாணவியாகத்தான் மதிப்பிடப்படுகிறாள், மற்ற எல்லாப் பதினெட்டு வயதுக்காரர்களோடும் ஒரே குவியலில். பள்ளிச் சான்றிதழுக்குக் கணக்கு வைக்கப்பட்ட கல்லூரிப் பாடங்களுக்குத் தாங்கள் மறுபடி கிரெடிட் தருவதில்லை, அதாவது பட்டத்துக்கான கணக்கில் சேர்ப்பதில்லை என்று பல தனியார் கல்லூரிகள் விதியே வைத்திருக்கின்றன. அதாவது அவற்றில் ஒன்று 'வா' என்று சொல்லியிருந்தாலும் அந்த இரண்டு வருடத்தை வாசலிலேயே விட்டுவிட்டுத்தான் உள்ளே போயிருப்பாள். உழைப்பு வீணாகியிருக்கும் என்றால் அங்கேதான் ஆகியிருக்கும்.

சரி, பெரியப்பாவின் யோசனைகள். ஒன்று: ஒரு வருடம் சும்மா இருந்து, அடுத்த வருடம் மறுபடி அதே இடங்களுக்கு விண்ணப்பிப்பது. கூடாது. அதே மதிப்பெண், அதே கட்டுரை, ஒரு வயது கூடிய அதே பிள்ளை. வீட்டில் சும்மா இருக்க முடியாமல் இலையுதிர் பருவத்தில் சமுதாயக் கல்லூரியில் இரண்டு பாடம் எடுத்தாள் என்று வையுங்கள், பல இடங்களில் அவள் அதன் பிறகு 'டிரான்ஸ்ஃபர்', அதாவது வேறு கல்லூரியிலிருந்து மாறி வரும் விண்ணப்பதாரர் ஆகிவிடுவாள். முதலாண்டு மாணவர்களுக்கென்றே இருக்கும் உதவித்தொகைகள் அத்தோடு கைவிட்டுப் போகும்.

இரண்டாவது யோசனை இன்னும் மோசம். வேறு மாநிலத்தில் இன்னும் இடம் இருக்கும் ஒரு தனியார் கல்லூரியில் கடன் வாங்கி கம்ப்யூட்டர் சயின்ஸ். விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு எண்பதாயிரம் டாலரைத் தொடும் இடம் அது. பெற்றோர் பெயரில் அரசு தரும் 'பேரண்ட் பிளஸ்' கடன் பார்த்துக்கொள்ளும் என்றாராம் பெரியப்பா, அதாவது அப்பாவின் அண்ணன். புதிதாகக் கடன் வாங்குகிறவர்களுக்கு 2026 ஜூலை 1 முதல் அதற்கு உச்சவரம்பு வந்திருக்கிறது: ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000 டாலர், மொத்தமாக 65,000 டாலர். மிச்சத்துக்குத் தனியார் வங்கிக் கடன், அதில் கூட்டுக் கையெழுத்து அப்பாவுடையது. அண்ணன் அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவாரா என்று கேட்டேன். போட மாட்டார். கடனைக் கட்டப் போகிறவர்தான் முடிவு செய்ய வேண்டும், இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அப்புறம், பிள்ளைக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டுமா என்று யாராவது கேட்டீர்களா? நான் கேட்டேன். "பரவாயில்லை ஆன்ட்டி, எடுத்துக்கிறேன்" என்றாள். பிறகு சமுதாயக் கல்லூரியில் எந்தப் பாடம் பிடித்தது என்று கேட்டதும் குரலே மாறிவிட்டது. நிலவியல். 2024 செப்டம்பர் 27 அன்று ஹெலீன் புயல் மேற்கு வட கரோலினாவைப் புரட்டிப் போட்டதே, பிஜன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஐ-40 நெடுஞ்சாலையின் ஒரு பக்கத்தையே ஆறு அரித்துக்கொண்டு போனதே, அப்போது இவள் நிலவியல் வகுப்பில் இருந்தாள். எந்தச் சரிவு ஏன் இடிந்தது என்று மழை அளவு வரைபடத்தையும் நிலப்படத்தையும் பக்கத்தில் வைத்து அவளாகவே ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறாள். ஆசிரியர் கேட்காத வேலை அது. இருபது நிமிடம் நிறுத்தாமல் சொன்னாள். அவள் அம்மாவும் அப்பாவும் அதை அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டார்கள்.

இப்போது அந்த 'மலைக்குள்ள இருக்கிற காலேஜ்'. அது கல்லவீ என்ற ஊரில் இருக்கும் வெஸ்டர்ன் கரோலினா பல்கலைக்கழகம். 1889இல் தொடங்கியது, வட கரோலினா அரசுப் பல்கலைக்கழகக் குழுமத்தின் 16 பல்கலைக்கழகங்களில் ஒன்று. கேரியிலிருந்து காரில் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். அங்கே நிலவியலில் நான்காண்டு பட்டம் உண்டு. மலைச்சரிவும் ஆறும் வகுப்புக்கு வெளியிலேயே இருக்கின்றன. ஒரு மணி நேரத்துக்குள் போனால் கவீட்டா நீரியல் ஆய்வகம். அமெரிக்க வனத்துறை 1934இலிருந்து அந்த மலைக்காட்டில் மழையையும் ஓடைநீரையும் அளந்துகொண்டிருக்கிறது. இன்னொன்றைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். கடற்கரை அரிப்பை ஆராயும் புகழ்பெற்ற திட்டம் ஒன்றை ஆரின் பில்கி என்ற நிலவியலாளர் 1985இல் டியூக் பல்கலைக்கழகத்தில் தொடங்கினார். 2006இல் அது இடம் மாறி, இன்றைக்கு இருப்பது கடலே இல்லாத இந்தக் கல்லவீயில்தான்.

செலவுக்கு வருவோம். 2018 இலையுதிர் பருவத்திலிருந்து 'என்சி பிராமிஸ்' என்று மாநில அரசு ஒரு திட்டம் நடத்துகிறது. வெஸ்டர்ன் கரோலினா, பெம்ப்ரோக், எலிசபெத் சிட்டி, பிறகு சேர்ந்த ஃபேயட்வில் ஆகிய நான்கு அரசுப் பல்கலைக்கழகங்களில் மாநிலவாசிகளுக்குப் பாடக் கட்டணம் பருவத்துக்கு 500 டாலர். ஆண்டுக்கு ஆயிரம். ஆமாம், பூஜ்யம் விட்டுப்போகவில்லை. இதர கட்டணம், விடுதி, சாப்பாடு தனி, அதுதான் பெரிய தொகை, அதை மறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அதையெல்லாம் கூட்டினாலும் அண்ணன் சொல்லும் இடத்தின் கிட்டேகூட வராது. மலிவு என்பதால் தரம் குறைவு என்று நினைக்காதீர்கள். கட்டணத்தின் மிச்சத்தை மாநில அரசு கொடுக்கிறது, அவ்வளவுதான்.

அசோசியேட் டிகிரிக்கு மரியாதை இருப்பதும் இங்கேதான். வட கரோலினாவின் சமுதாயக் கல்லூரிகளுக்கும் அந்த 16 அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும் 1997இலிருந்து ஒப்பந்தம் இருக்கிறது. கலை அல்லது அறிவியல் அசோசியேட் பட்டத்தை உரிய மதிப்பெண்ணோடு முடித்தவர்களுக்குப் பொதுக்கல்விப் பாடங்கள் முடிந்ததாகவே கணக்கு. மற்ற பிள்ளைகள் ஆங்கிலக் கட்டுரையும் வரலாறும் படித்துக்கொண்டிருக்கும்போது இவள் பாறையைத் தொடலாம்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. இரண்டே வருடத்தில் முடித்துவிடலாம் என்று மனக்கோட்டை கட்டாதீர்கள். கனிமவியல் படித்தால்தான் பாறையியல், அதற்குப் பிறகுதான் அடுத்தவை என்று நிலவியல் பாடங்கள் ஒன்றன் பின் ஒன்றாகத்தான் வரும், சிறிய துறைகளில் பல பாடங்கள் ஆண்டுக்கு ஒருமுறைதான் நடக்கும். கூடவே வேதியியல், இயற்பியல், கால்குலஸ். மூன்று வருடம் என்று திட்டமிடுங்கள். அந்த மூன்றாவது வருடத்தைச் சுமையாக நினைக்க வேண்டாம், கோடையில் களப்பயிற்சிக்கும் இன்டர்ன்ஷிப்புக்கும் நேரம் வேண்டும்.

வேலை? ஐ-40 இடிந்த இடத்தில் சரிவை ஆராய்ந்து, எங்கே துளை போடுவது, எங்கே சுவர் நிறுத்துவது என்று சொல்ல நிலவியலாளர் வேண்டும். கேப் ஃபியர் ஆற்றில் ஜென்எக்ஸ் ரசாயனம் கலந்தது 2017இல் வெளியே தெரிந்ததிலிருந்து நிலத்தடி நீரைச் சோதிக்கும் வேலை இந்த மாநிலத்தில் ஓயவில்லை. முதல் சம்பளம் மென்பொருள் நிறுவனம் தருவதைவிடக் குறைவாகவே இருக்கும், அதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் இது உரிமம் உள்ள தொழில். படிப்பு முடியும் தறுவாயில் அடிப்படைத் தேர்வு, சில வருட அனுபவத்துக்குப் பின் நடைமுறைத் தேர்வு, அதன் பிறகு அறிக்கையில் அவள் கையெழுத்துக்கே சட்ட மதிப்பு வரும்.

இந்தக் குடும்பத்துக்கு கிரீன் கார்டு இருக்கிறது. இதைப் படிக்கும் எச்-4 குடும்பங்கள் (எச்-1பி வேலை விசாக்காரரைச் சார்ந்து வந்தவர்கள்) ஒன்றை நினைவில் வையுங்கள்: உங்கள் பிள்ளைக்கு மத்திய அரசின் கல்வி உதவியோ கடனோ கிடையாது, 21 வயதில் அந்த விசாத் தகுதியும் முடிந்துவிடும். குடியேற்ற வழக்கறிஞரிடம் பேசாமல் எந்த முடிவும் வேண்டாம்.

மகளுக்குத் தனியாகச் சொன்னதையும் எழுதிவிடுகிறேன். மறுப்பு வந்த பக்கங்களைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்க்காதே கண்ணு, அங்கே பதில் மாறாது. வெயிட்லிஸ்ட்டில் பெயர் இருக்கட்டும், அதற்காகக் காத்திருக்காதே. விண்ணப்பம் முதலாண்டு மாணவியாகப் போட்டதுதானே, விடுதியில் உன் வயதுப் பிள்ளைகளோடுதான் இருப்பாய், கிரெடிட் கணக்கில் மட்டும் முன்னால் நிற்பாய்.

மே 1 அன்று சேர்க்கையை உறுதிசெய்ய வேண்டும், இன்னும் பதினாறு நாள் இருக்கிறது. அவளுடைய எந்தப் பாடத்துக்கு எத்தனை கிரெடிட் என்பதை எழுத்தில் வாங்குங்கள், தொலைபேசியில் சொன்னால் போதாது. நிலவியல் துறைக்கு அவளே மின்னஞ்சல் எழுதி, மூன்று வருடப் பாட வரிசையைக் கேட்கட்டும். நீங்கள் எழுதித் தர வேண்டாம். வரும் சனிக்கிழமை ஒருமுறை கல்லவீக்குப் போய்ப் பாருங்கள். போகும் வழியில் மலை ஆரம்பித்ததும் கார் ஜன்னலைக் காட்டி அவள் பேசத் தொடங்குவாள், அப்போது அப்பா ஃபோனை எடுத்து வைத்துவிட்டுக் கேட்கட்டும்.