அபராதம் போட்டால் மறைப்பார்கள், மாற மாட்டார்கள்

கேள்வி: கோவையில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தை நிர்வகிக்கிறேன். 14 பேர் வேலை பார்க்கிறார்கள். வாடிக்கையாளர்களின் பான், ஆதார், வங்கி விவரங்களைச் சொந்த வாட்ஸ்அப்பில் அனுப்பக்கூடாது, பாஸ்வேர்டைப் பகிரக்கூடாது, 30 நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று சுற்றறிக்கை போட்டு எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினேன். மீறினால் 500 ரூபாய் அபராதம். ஒருவரும் கேட்பதில்லை. போன வாரம் ஒரு பயிற்சி மாணவி போலி மெயில் ஒன்றில் இருந்த லிங்கைத் திறந்துவிட்டு மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. இவர்களை எப்படி வழிக்குக் கொண்டுவருவது?

பதில்: முதலில் அந்த அபராதத்தை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அந்தப் பெண் மூன்று நாள் வாயைத் திறக்காததற்குக் காரணம் பயம்தான், அந்தப் பயத்தை உண்டாக்கியது உங்கள் சுற்றறிக்கை. உடனே சொல்லியிருந்தால் கணினியை இணையத்திலிருந்து துண்டித்து, வேறொரு கணினியிலிருந்து பாஸ்வேர்டை மாற்றி, சேதம் ஏதும் இருக்கிறதா என்று அன்றைக்கே பார்த்திருக்கலாம். மூன்று நாள் என்பது உள்ளே வந்தவன் மெயில் பெட்டி முழுவதையும் படித்து முடிக்கப் போதுமான நேரம். போலி மெயில் தாக்குதல் உட்பட பல சம்பவங்களை, கவனித்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022-லேயே உத்தரவு வந்துவிட்டது. தவறை மறைக்கிற அலுவலகத்தில் அதைக் கவனிப்பது யார்? "தப்பா எதையாவது திறந்துட்டா உடனே சொல்லுங்க, யாரும் திட்ட மாட்டோம்" என்று நீங்களே எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள். அதன்படி நடக்கவும் செய்யுங்கள்.

அப்புறம், வேலை நெருக்கும் ஒரு நாளில் உங்கள் ஆட்கள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். வாடிக்கையாளர் படிவம் 16-ஐ (சம்பளத்தில் பிடித்த வரிக்கான சான்றிதழ்) போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில்தான் அனுப்புவார், மெயிலில் அனுப்புங்கள் என்றால் "எனக்கு அதெல்லாம் தெரியாதுப்பா" என்பார், கடைசித் தேதி நெருங்குகிறது, அலுவலகத்துக்கென்று ஒரு வாட்ஸ்அப் எண் கிடையாது, அப்படியானால் அது யார் போனுக்கு வரும்? விதியை மீறாமல் அன்றைய வேலையை முடிக்க வழியே இல்லை என்றால் விதியைத்தான் மீறுவார்கள். வழியடைத்த வயலில் தண்ணீர் வரப்பை உடைத்துக்கொண்டுதான் போகும்.

அதனால் வழியை வெட்டிக் கொடுங்கள். அலுவலகப் பெயரில் ஒரு சிம், ஒரு போன், அதில் வாட்ஸ்அப் பிசினஸ். அந்த எண்ணை எல்லா வாடிக்கையாளருக்கும் தெரிவித்துவிடுங்கள். வந்த ஆவணத்தை அன்றைக்கே அந்தந்தக் கோப்புறையில் சேமித்து, உரையாடலிலிருந்து நீக்கும் பொறுப்பை ஒருவரிடம் கொடுங்கள். ஆதாரின் முழு எண் தேவைப்படாத வேலைகளுக்குக் கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் ஆதாரைக் கேளுங்கள், ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே அதை இறக்கிக்கொள்ளலாம்.

பாஸ்வேர்ட் விஷயம் இன்னும் முக்கியம். எல்லா வாடிக்கையாளரின் வருமான வரித் தள பாஸ்வேர்டும் ஒரே எக்செல் கோப்பில் கிடக்கிற ஆடிட்டர் அலுவலகங்கள் நிறைய, உங்களிடமும் அப்படி இருந்தால் சுற்றறிக்கை எழுதுவதற்கு முன்னால் அதை ஒழித்திருக்க வேண்டும். பிட்வார்டன் மாதிரி ஒரு பாஸ்வேர்ட் மேனேஜர், அதாவது பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்கும் செயலி, வாங்கி, யாருக்கு எந்த வாடிக்கையாளரோ அதை மட்டும் திறந்துவிடுங்கள். கணக்கு மென்பொருளான டேலியிலும் ஆளுக்கொரு பயனர் பெயர் போடலாம், யார் எதைப் பார்க்கலாம் என்று வரம்பும் வைக்கலாம்.

30 நாள் விதியைத் தூக்கிப் போடுங்கள். கசிந்ததற்கான அறிகுறி இல்லாமல் பாஸ்வேர்டை அடிக்கடி மாற்றச் சொல்லாதீர்கள் என்று அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பான என்ஐஎஸ்டி 2017-லேயே சொல்லிவிட்டது, மைக்ரோசாஃப்டும் 2019-ல் விண்டோஸுக்கான தன் பரிந்துரையிலிருந்து அதை எடுத்துவிட்டது. மாதாமாதம் மாற்றச் சொன்னால் மனிதர்கள் கோவை@1, கோவை@2 என்று கடைசி எண்ணை மட்டும் மாற்றுவார்கள், இல்லையென்றால் துண்டுச் சீட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டுவார்கள். நீளமான ஒரு பாஸ்வேர்ட், மெயிலுக்கு இரண்டு கட்டச் சரிபார்ப்பு (பாஸ்வேர்டோடு போனிலும் உறுதி செய்வது மாதிரி), இந்த இரண்டையும் உறுதியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஆடிட்டர் எப்படி நடக்கிறார் என்று கடிதத்தில் ஒரு வார்த்தை கூட இல்லை. இரவு பத்து மணிக்கு "அந்த ஃபைலை என் வாட்ஸ்அப்புக்கு அனுப்பும்மா" என்று அவரே கேட்டால் நீங்கள் வாங்கிய 14 கையெழுத்துக்கும் மதிப்பில்லை. அவரிடம் பேசுவது சங்கடம்தான், ஆனால் பேசியே ஆகவேண்டும். தயங்கினால் சட்டத்தை எடுத்துச் சொல்லுங்கள்: 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நியாயமான பாதுகாப்பு ஏற்பாடு செய்யாதவர்களுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. விதிகள் 2025 நவம்பரில் வந்துவிட்டன, பெரும்பாலான கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாதம்தான் அவகாசம்.

இன்னொன்று, வேலையை விட்டுப் போனவர்கள். பயிற்சி முடித்துப் போன மாணவர்களின் மெயில், டேலி, பாஸ்வேர்ட் மேனேஜர் அனுமதியெல்லாம் அவர்கள் கிளம்பும் நாளிலேயே மூடப்பட வேண்டும். அலுவலக வாட்ஸ்அப்பில் இணைத்த சாதனங்களின் பட்டியலையும் திறந்து, தெரியாத கணினி ஏதாவது இருந்தால் வெளியேற்றுங்கள். இந்த வாரமே செய்யுங்கள், அரை மணி நேர வேலைதான்.